பொடியில் இருந்த உப்பு

என் மனைவி இறந்த பதினேழாம் நாள், அவளுக்குப் படைப்பதற்காக நானே இறைச்சி சுட்டேன். போர்க்காலம் அது. ஆவடிக்குச் செல்லும் ராணுவ லாரிகளின் இரைச்சல் அம்பத்தூரில் எங்கள் வீட்டுத் தோட்டம்வரை கேட்கும். அன்று அந்த இரைச்சல்கூட எனக்குத் துணையாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள், இறந்தவர் விரும்பி உண்ட கவுச்சியைச் சமைத்துப் படைப்பது எங்கள் குடும்பங்களின் வழக்கம். அவள் விரும்பியது சுட்ட கறி. அதிலும் ஓரம் கருகிய துண்டு. குழம்பையும் வறுவலையும் உறவுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சுடுவதை மட்டும் நான் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் இல்லறத்தில் நான் செய்த ஒரே சமையல் வேலை அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொடி தேய்த்த துண்டுகளைச் சட்டியில் கொண்டுவந்து வைப்பாள். நான் கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் திருப்புவேன். அந்தச் சட்டிக்குள் என்னென்ன சேர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜாடியில் பாதிக்குப் பொடி இருந்தது. மிளகாய் வற்றல், மிளகு, தனியா, சோம்பு எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து வைத்திருந்தாள். அவள் இடித்த கடைசிப் பொடி. ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் கையை இருமுறை துடைத்துக்கொண்டேன். இறைச்சியையும் துணியால் ஒற்றி உலர்த்தினேன். கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன் நான். உப்பைத் தராசில் நிறுத்துத் தடவி, ஊறவிட்டு, அதன்மேல் பொடியைத் தேய்த்தேன். இந்த ஒன்றையாவது அவளுக்குப் பிழையின்றிச் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

படைக்கும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. மணமும் நிறமும் சரியாகவே இருந்தன. கருகிய துண்டுகளாகத் தேர்ந்து அவளுடைய இலையில் வைத்துக் கும்பிட்டோம்.

பின்னர் பந்தி. முதல் துண்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. எதிரே அமர்ந்திருந்த அவளுடைய தம்பி இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தான்.

"இன்னா மாமா, கறியைக் கடல் தண்ணியிலயா கழுவுனீங்க?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நிறுத்துத்தான் போட்டேன்" என்றேன்.

"நீங்க இன்னாத்துக்குப் போட்டீங்க? அக்கா பொடியிலயே உப்பு சேத்து இடிச்சிடுமே. தெரியாதா?"

"தெரியாது."

அவன் தன் இலையைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"கல்யாணமான புதுசுல நைனா விருந்துக்கு வந்தப்போ, எல்லாம் நானே செய்றேன்னு உப்பே போடாம சுட்டுக் குட்த்தீங்களே, மறந்துட்டீங்களா? நைனா ஒண்ணும் சொல்லாம துன்னுட்டுப் போச்சு. அன்னிலேர்ந்துதான் அக்கா பொடியில உப்பு சேத்துச்சு. 'நான் ஊட்ல இல்லாத நாள்ல அவரே தேச்சு சுட்டாலும் உப்பு இருக்கும்ல'ன்னு சொல்லும்."

அவள் ஊருக்குப் போன நாட்களில் நான் ஒருமுறைகூட சுட்டதில்லை.

உறவினர் எல்லோரும் சென்ற பிறகு ஜாடியைத் திறந்து, விரல்நுனியால் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். காரத்துக்குப் பின்னால் உப்பு இருந்தது. அவளுடைய இலையில் நான் வைத்தவற்றை நினைத்து, வெகுநேரம் மூடியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரை ராத்தல் இறைச்சி வாங்கினேன். உப்பைத் தொடவில்லை. பொடியை மட்டும் தேய்த்துச் சுட்டேன். உப்பு சரியாக இருந்தது. கருகிய துண்டுகளைப் பழக்கத்தால் தனியே ஒதுக்கியிருந்தேன். கடைசியில் அவற்றையும் நானே தின்றேன்.