சிப் என்றேன், தண்ணீர் குடித்தார்

“வெள்ளையளுக்கே நீ கதைக்கப் பழக்கப் போறியோ பிள்ளை? முதல்ல உன்ர இங்கிலீசுக்கு ஆரும் வைத்தியம் பாக்கோணும்!”

மெல்பேர்னின் புறநகரான டார்னெய்ட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் கட்லட்டுடன் நின்ற ஓர் அங்கிள் இப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்போது நான் பேச்சுச் சிகிச்சை படித்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தால் நாக்குக் குழறியவர்களை மறுபடி பேசவைக்கும் படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அம்மாவின் படிப்பு இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் என் படிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைக்க மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் மெல்பேர்னில் ஒரு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு யூதப் பெண்மணி. தையல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், தனியாக வாழ்ந்தவர். வந்தது சிறிய பக்கவாதம்தான். சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், குடிக்கச் சொன்னால் குடிப்பார். பேச்சு மட்டும் இல்லை. முயன்றால் வரும் என்றார் என் மேற்பார்வையாளர். ஆனால் அந்தப் பெண்மணி முயலவேயில்லை.

வெள்ளிக்கிழமை குடும்பக் கூட்டம் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு உதவி கேட்டுக் கூப்பிடக்கூட முடியாதவரைத் தனி வீட்டுக்கு அனுப்பமுடியாது. அதற்குள் பேசாவிட்டால் முதியோர் இல்லம்தான்.

அவருடைய மகளுக்கு அறுபது வயதிருக்கும். என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: “அம்மா திரும்பவும் அந்தப் பண்ணைக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.”

போலந்தை ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த காலம். பத்து வயதுப் பிள்ளையான அவரை ஒரு விவசாயியின் மனைவி, செத்துப்போன தன் தங்கையின் மகள் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டாராம். ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால் யூத வீட்டு உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவள் ஊமை ஆனாள். போர் முடியும்வரை ஒரு சொல் இல்லை. சோதனைக்கு வந்த சிப்பாய் ஒருவன் வேண்டுமென்றே அவள் கால்விரலைச் சப்பாத்தால் மிதித்தபோதும் சொல் வெளியே வரவில்லை. பெற்றோர் திரும்பி வரவேயில்லை.

“மெல்பேர்னுக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசினார். பந்தாட்ட வர்ணனை கேட்க அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் கொட்டிலுக்குத்தான் போவார்!” என்று மகள் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். “பக்கவாதம் வந்த அன்று ஒரு சொல் குழறியது. அது அவருக்கே கேட்டது. அதோடு வாயை மூடிவிட்டார்.”

எனக்கு உடனே விளங்கியது. சின்ன வயதில், ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் அம்மா என் தொடையைக் கிள்ளுவார். “வாயைத் திறக்காதை.”

விளங்கியதே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போல முதலில் விழுங்கும் பயிற்சி. ஆங்கிலத்தில் ‘சிப்’ என்றால் ஒரு வாய் குடி என்று அர்த்தம். நான் சிப் என்றேன், அவர் குடித்தார். அடுத்தது படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சி. முதல் அட்டையில் உடுப்பை இழுத்து மூடும் ‘zip’, என் வாயில் அதுவும் சிப்தான். அதன் தொடக்கத்தில் வரும், தேனீ இரைவதுபோன்ற ஆங்கில ஒலி தமிழில் இல்லை. என் நாக்கிலும் இல்லை.

“சிப்” என்றேன்.

குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

படத்தைத் தட்டிக்காட்டி மறுபடி “சிப்” என்றேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு வாய் குடித்தார்.

“இல்லை... சிப்! சிப்!”

என்னை முறைத்து, குவளையை டங்கென்று வைத்தார். எட்டி என் ஜாக்கெட்டின் சிப்பைப் பிடித்துக் கழுத்துவரை ஒரே இழுவையாக இழுத்தார். “ஸ்ஸ்ஸ்ஸிப்!” வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில் கிழவர் விழித்தே விட்டார்.

பிறகு என்னை நோக்கி விரலை நீட்டி, குழறலாக, “எகெய்ன்!” என்றார். நான் திருப்பிச் சொன்னேன். பிழை. தலையில் கைவைத்தார். மறுபடி சொன்னேன். மறுபடியும் பிழை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். ஜன்னல் படம் வந்தபோது இருவருமே ஒரே மாதிரிப் பல்லை உதட்டில் பதித்து “விண்டோ” என்றோம். மேற்பார்வையாளர் திரைக்குப் பின்னாலிருந்து, “இரண்டு பேரும் உதட்டைக் குவிக்கவேண்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், எங்கே போக விருப்பம் என்று டாக்டர் அவரிடம் கேட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஹோம்.”

முதியோர் இல்லத்தையும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “எந்த ஹோம்?” என்றார் டாக்டர். அவர் டாக்டரை, சிப்புக்காக என்னை முறைத்த அதே பார்வை பார்த்தார். குழறியது. நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார்.

“மை ஹோம். மை டோர். மை... கீ.”

அடுத்த கிழமை, உதவிக்கு ஆள் வந்துபோகும் ஏற்பாட்டோடு, தன் வீட்டுக்கே போனார்.

அந்த வருடமே நான் பட்டம் பெற்றேன். இப்போது சம்பளத்துக்கே இந்த வேலை செய்கிறேன், பெருமையோடு. யாராவது என் முன்னால் ஒரு சொல்லைத் தொடங்கி இடையில் நிறுத்தினால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் எனக்கு முதலில் தோன்றுகிறது.

போன மாதம் மெல்பேர்னின் இன்னொரு பக்கத்தில், டண்டினோங்கில் ஒரு மண்டபத்தின் சிறிய அறையை எடுத்து, பக்கவாதம் வந்த எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே பயிற்சி தொடங்கினேன். முதல் சனிக்கிழமை ஒரு ஐயாவும் மனைவியும் வந்தார்கள். நான் எதைக் கேட்டாலும் மனைவியே, “அவர் ஓமெண்டுறார்” என்று பதில் சொன்னார். “அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ, அவரே சொல்லட்டும்” என்றேன். ஐயா கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, முகம் சிவக்க முயன்று, கடைசியில் “தே...த்தண்ணி” என்றார்.

நான் எழுந்துபோய்த் தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன்.