கிலுகிலுப்பைப் பாம்பும் நான் உதறிய கையும்

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன கோடையில் லண்டனிலிருந்து நானும் மனைவியும் அமெரிக்காவுக்குப் போயிருந்தோம். அவளுடைய தம்பி வீடு அங்கே ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒருநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று பக்கத்தில் 'கிர்ர்ர்' என்று சத்தம். நாலடி தள்ளிப் பாறையோரம் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு, தலையைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அசையாதேங்கோ" என்றாள். பிறகு, ஊரில் பாம்பைக் கண்டால் சொல்வதுபோலவே, "நாகதம்பிரானே, உன்ர வழியில போ அப்பு" என்றாள்.

நான் அந்தக் கையை உதறிவிட்டு ஓடினேன்.

வெகுதூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் தனியே கைகூப்பி நின்றாள். பாம்பு மெல்லப் புதருக்குள் போனது.

"நீரும் பின்னால ஓடி வாறீர் எண்டு நினைச்சன்" என்றேன்.

"ஓம்" என்று தலையாட்டினாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் பாம்புக் கதையைக் கேட்ட தம்பி பதறிப்போய்க் கேட்டான்: "அத்தான் எங்க நிண்டவர்?"

"எனக்குப் பக்கத்திலதான்" என்றாள், என் தட்டில் சோறு போட்டபடி.

அவள் திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

இப்போதும் லண்டனில் வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே ரயில் நிலையத்தில் இறங்கி முருகன் கோயிலுக்கு மேடேறுகிறோம். மூச்சு வாங்குகிறாளே என்று கையை நீட்டுகிறேன். அவளும் பிடிக்கிறாள். ஆனால் இறுக்கிப் பிடிப்பதில்லை.