கிழக்கு வெயில் பட்ட செரிப்பூ

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் எடுக்கவேண்டும். குளிர் தொடங்கியதும் அவர் புளோரிடாவுக்குப் போய்விடுவார். வீட்டைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருக்கும்; வாரம் ஒருநாள் போய்த் துடைப்பேன்.

அந்த வீட்டின் இருண்ட கொரிடோரில் ஒரு யப்பானியப் படம் தொங்கியது. பலகையில் செதுக்கி, நிறம் பூசி, கடதாசியில் ஒற்றியெடுத்த படம். ஆற்றங்கரையில் இளஞ்சிவப்பாய்ச் செரிப்பூக்கள். வானத்தின் அடியில் விடியற்சிவப்பு எழும்பி, மேலே போகப்போகக் கரைந்துவிடும். அப்படியொரு விடியலை இருட்டுக்குள் வைத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் சாமிப்படங்களைக் காலை வெயில் படுகிற சுவரில்தான் மாட்டுவோம். அதிகப்பிரசங்கி நான், அந்த அம்மா போன மறுநாளே படத்தைக் கழற்றிக் கிழக்கு யன்னலுக்கு எதிரே மாட்டினேன். அவர் வந்து பாராட்டுவார் என்று வேறு நினைத்தேன்.

ஏப்ரலில், அவர் வர இரண்டு நாள் இருக்கும்போது, தூசு துடைக்கப் படத்தைக் கழற்றினேன். உள்ளே கடதாசி சற்று நழுவியது. சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் பூக்கள் சிவப்பாக இருந்தன. மற்றதெல்லாம் வெயிலில் வெளிறி வெள்ளை. விடியலையும் காணவில்லை. கிழமைக்குக் கிழமை பார்த்த என் கண்ணுக்கு அதுவரை ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த மாதம் என் அகதி வழக்கு. என்னைப் பற்றி நற்சாட்சிக் கடிதம் தருவதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். கடிதம் இல்லாமல் வழக்குத் தோற்றால், சண்டை நடக்கும் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்னோடு ஒரே அறையில் இருந்த அக்காவிடம் அழுதேன்.

"உனக்கென்ன விசரே? பழைய இடத்திலை கொழுவிப்போட்டு வாயை மூடிக்கொண்டிரு. முதல்ல கடிதம் கைக்கு வரட்டும்."

அப்படியே செய்தேன்.

அந்த அம்மா வந்ததும் படத்தின் முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

"என் கண் இன்னும் மோசமாகிவிட்டது. நிறமே தெரியவில்லை," என்றார்.

இந்த முறை பிழை அவர் கண்ணில் இல்லை. நான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். கண் டொக்டரிடம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை எழுதித் தந்தார்.

வழக்கன்று மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடிதத்தைத் தமிழில் வாசித்தார். ஊரில் எங்களுக்கு நடந்ததையெல்லாம் நடுங்காமல் சொல்லி முடித்தவள் நான். "இவர் நேர்மையானவர்" என்ற வரி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். இதெல்லாம் உண்மைதானா என்று வழக்கை விசாரித்தவர்கள் கேட்டார்கள்.

"ஓம்," என்றேன்.