நான் மாறி ஏறிய பெட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கொல்லங்கோட்டிலிருந்து தினமும் ரயிலில் பாலக்காடு போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் உண்டு. எந்த இன்ஜின் வருகிறது, எந்தப் பெட்டி புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்து மரப்பெட்டிகள்தான். அவற்றின் சத்தமும் வாசனையும்கூட எனக்குப் பழகியிருந்தன.

அன்று காலை பொள்ளாச்சி வண்டி வந்து நின்றபோது, கடைசிக்கு முந்தின பெட்டியின் சக்கரத்தருகே மெல்லிய புகை தெரிந்தது. பிரேக் கட்டை உரசினால் வரும் நெடி இல்லை அது. அச்சில் எண்ணெய் கருகும் நெடி. இதே மாதிரி கருகிய பெட்டி ஒன்றைப் பாலக்காட்டில் கழற்றி ஓரங்கட்டியதை முன்பு பார்த்திருக்கிறேன்.

கார்டிடம் போய்ச் சொன்னேன்.

"அதொண்ணுமில்லீங்க டீச்சர், பிரேக் கட்டை சூடுங்க. ஏறிக்குங்க, நேரமாச்சு" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. ரயில்வேக்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்ற கூச்சம். ஆனால் வழக்கமாக ஏறும் அந்தப் பெட்டியில் ஏறாமல், முன்னால் நடந்து இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தப் புகைந்த பெட்டிக்குள் ஏறியதைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

வண்டி கிளம்பி வயல்களுக்கு நடுவே வேகம் பிடித்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். புகை கறுத்திருந்தது. எழுந்து சங்கிலியை இழுத்துவிட்டேன்.

வண்டி நின்றதும் கார்டு கோபத்தோடு வந்தார். "ஏனுங்க, நீங்களா இழுத்தீங்க?"

"ஆமாங்க. சக்கரத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

திரும்பிப் போனார். சக்கர அச்சின் எண்ணெய்க் கூட்டுக்குள்ளிருந்து தீ நாக்கு வெளியே வந்து, மேலே இருந்த பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லோரையும் அவசரமாக இறக்கினார். இன்ஜினிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். யாருக்கும் காயமில்லை. கார்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வண்டி மெதுவாக அடுத்த ஸ்டேஷன்வரை ஊர்ந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் மற்ற பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறியிருந்தார்கள். குழந்தைக்காரப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மட்டும் பாக்காம இருந்திருந்தா எங்க கதி என்னாயிருக்குமுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறும்போதே எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சங்கிலியை இழுத்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆபத்து என்று தெரிந்தும் நான் மட்டும் விலகிப்போன அந்தச் சில நிமிடங்களை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, இன்று சொல்லிவிட்டேன்.