சிறுத்தைக் குட்டிக்காக நான் வாதாடியது

வெள்ளைக்காரன் காலத்தில் போடியில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். என் மனு எதுவும் சர்க்காரின் மனத்தை அசைத்ததாகத் தகவல் இல்லை. இருந்தும் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் சிலர், அவர்களுக்கு நான் சும்மா எழுதிக் கொடுத்த ஒரு மனுவுக்கு நன்றியாக, களை வெட்டும்போது கிடைத்த சிறுத்தைக் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். மனு தோற்றுப்போனது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

ஆறே மாதத்தில் குட்டி ஒரு பெரிய நாயளவு வளர்ந்தது. வீட்டில் என் பேச்சைக் கடைசிவரை கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டார் புகார் கொடுக்க, போலீஸ் ஏட்டு வந்தார்.

"குட்டியக் கொண்டாங்க. சுட்டுப் போட்டாத்தான் தெரு நிம்மதியாத் தூங்கும்."

நான் பீனல் கோடு சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். "ஏட்டையா, சிறுத்தைங்கிற பேச்சே இதுல இல்ல. எந்தப் பிராணியா இருந்தாலும் யாருக்கும் ஆபத்து வராம பத்திரமா வச்சுக்கிறணும். அம்புட்டுத்தான்."

"அப்ப நாளைக்குக் காலையில வர்றேன். எம்புட்டுப் பத்திரம்னு பாப்பம். சரியில்லைன்னா குட்டி என்கூட வந்துரும்."

விடிந்ததும் குட்டியை வேப்பமரத்தில் கட்டினேன். ஒரு கயிறு போதுமா என்று சந்தேகம் வந்தது. எங்கள் ஆட்டுக்கிடாயின் கயிற்றை அவிழ்த்து, அதையும் சேர்த்துக் கட்டினேன்.

"அப்ப கிடாய்க்கு?" என்றாள் என் மனைவி.

"கிடாய் மேல யாரு புகார் குடுத்தா?" என்றேன், சட்டம் படித்த குரலில்.

ஏட்டு வந்து குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். "கட்டு பலமாத்தான்..." என்பதற்குள் பின்னாலிருந்து கிடாய் வந்துவிட்டது. அவர் குட்டியின் அருகில் போய் விழுந்தார். குட்டி பயந்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"எந்தப் பிராணியா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீக?" ஏட்டு தலைப்பாகையைத் தேடி எடுத்தார். "கிடாயவே கட்டத் தெரியாத ஆளுக்குச் சிறுத்தை எதுக்கு? உங்க மேல புகாரு. நான் சொல்றேன், நீங்களே எழுதுங்க, வெரசா!"

எழுதினேன். தொழில் தர்மப்படி எதையும் விடவில்லை. அவர் குனிந்த விதம், கொம்பு பட்ட இடம், எழுந்த சத்தம் எல்லாம் வந்தன. வாசித்துக் காட்டியபோது என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"இதைக் கோர்ட்டுல வாசிப்பாகளா?"

"சத்தமாவே வாசிப்பாக, ஏட்டையா. சாட்சிக்கு என் சம்சாரமும் வருவா."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "குட்டி இருந்துட்டுப் போகட்டும். மொதல்ல அந்தக் கிடாயப் பிடிச்சுக் கட்டுங்க."

நான் எழுதியவற்றில் கைமேல் பலன் தந்தது அது ஒன்றுதான்.