கொசுவுக்கும் பங்காளி உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலியார்பேட்டை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே விளக்கேற்றி, 'இந்த இடமாவது அமையணும் தாயே' என்று மனசாரக் கும்பிட்டேன்.

பின்னே? என் மகள் கயல்விழி காலாப்பட்டில் கொசு ஆராய்ச்சி செய்கிறாள். 'பொண்ணு என்ன பண்றா?' என்பார்கள். 'கொசு...' என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் குரல் இறங்கிவிடும். பத்தாவதோடு நின்ற எனக்கு விளக்கிச் சொல்லவும் தெரியாது.

இவர்கள் கல்யாண வெப்சைட்டில் கிடைத்தவர்கள். ஜாதகம், சம்பளம், உயரம் எல்லாம் பொருந்தியது. பையனும் தங்கம். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே பையனின் அம்மா கேட்டேவிட்டார்.

"கொசுவை அடிச்சுப் போடாம, அதுல என்னம்மா ஆராய்ச்சி?"

கயல் சிரித்தாள். "மலேரியா கொசுல சிலது பார்க்க அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும் ஆன்ட்டி. ஆனா ஒண்ணு நோயைப் பரப்பும், இன்னொண்ணு பரப்பாது. டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தாதான் எது எதுலேர்ந்து பிரிஞ்சுதுன்னு தெரியும்."

"அட! நாம குலதெய்வத்தைக் கேட்டுப் பங்காளியைக் கண்டுபிடிக்கிற மாதிரின்னு சொல்லு!"

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த நொடியே அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஆமா... உங்க குலதெய்வம் எதுங்க?"

அடக் கடவுளே! ராசி, நட்சத்திரம் வரைக்கும் பார்த்த நாங்கள் யாருமே இதைக் கேட்கவில்லையே!

"திண்டிவனம் பக்கம், ஏரிக்கரை பச்சைவாழியம்மன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பையனின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த வகையறா?"

"பெரிய வீட்டு வகையறா."

"போச்சு... நாங்களும் அதேதாங்க!"

ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. அதற்குமேல் கல்யாணப் பேச்சு ஏது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். நேராக வந்து, வாங்கி வந்த மல்லிகையைக் கயல் தலையில் வைத்தார். "இனிமே என்னடி ஆன்ட்டி? பெரியம்மான்னு கூப்பிடு."

மாப்பிள்ளையாக வந்த பிள்ளை பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "அப்பாடா! இனிமே வெக்கப்படாம சாப்பிடலாம்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் அம்மனிடம் கேட்டது மருமகன். அவளோ ஒரு பெரிய தப்பு நடக்காமல் காப்பாற்றி, ஒரு மகனைக் கொடுத்தாள். குறை சொல்ல முடியுமா?

நேற்று அவன் போன் பண்ணினான்.

"சித்தி, எங்க ஆபீஸ்ல ஒரு நல்ல பையன் இருக்கான். தங்கச்சி கொசு ஆராய்ச்சின்னு சொல்லிட்டேன், பயப்படலை. குலதெய்வத்தையும் கேட்டுட்டேன்... வேற!"