பல்செட்காரர் வாங்கிய ஜீப்

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து அதற்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் வேலை. தெருவில் பல்செட்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியை விட்டு எழாமலே மெழுகு, பிளாஸ்டர், தேய்க்கும் இயந்திரம், தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் கைக்கு எட்டும். அவ்வளவு பெரிய அறை. ஒரே ஒரு கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளத்தைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதர். இருபத்தாறு வருடம் அந்த நாற்காலியிலேயே ஓடிவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு மலை மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. மெழுகு இறுகும் இடைவெளியில் செல்போனை எடுப்பார். அதில் யாரோ ஒருவர் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் வண்டியை ஆற்றில் இறக்கி, பாறையில் ஏற்றி, சேற்றில் புரட்டி எடுத்துக்கொண்டிருப்பார். மெழுகு இறுகும்போது இவரும் ஒரு மலை ஏறி இறங்கியிருப்பார். எந்த வண்டி எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும், எதன் வயிறு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்றெல்லாம் கேட்டால் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுபவர், தெருவுக்கு டிரைவரம்மா. நாளெல்லாம் நெரிசலில் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து, கணவர் விரலால் மேசைமேல் மலைப்பாதை போட்டுக் காட்டுவதைப் பொறுமையாகப் பார்ப்பார். ஏழு வருடம் பார்த்தார். ஒருநாள், "பேசிட்டே இருக்காதீங்க. பழசா ஒண்ணு பாத்து வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

வண்டி பார்க்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும் அல்லவா? வீட்டிலேயே இருபது வருட டிரைவர் இருந்தும், பல்செட்காரர் கூட்டிக்கொண்டு போனது மைத்துனரை. மைத்துனர் ஃபிரிட்ஜ் விற்கும் கடையில் வேலை. இவர் பார்க்கும் அதே வீடியோக்களைத்தான் அவரும் பார்ப்பார். இரண்டு பேருடைய அறிவும் ஒரே கிணற்றில் இறைத்தது.

விற்பவர் ஊருக்கு வெளியே செடிகள் விற்கும் நர்சரி வைத்திருந்தார். மரத்தடியில் பச்சை ஜீப் நின்றது. வயது இருபத்திரண்டு. பல்செட்காரர் ஒரு பாய் கேட்டு வாங்கி விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். சட்டைப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்தார். டாக்டர்கள் கடைவாயைப் பார்ப்பார்களே, அதே கண்ணாடிதான். கூடவே ஒரு கொக்கி ஊசி. தட்டினார், சுரண்டினார், முகர்ந்தும் பார்த்தார். புதிதாகப் பூசிய கறுப்பு வண்ணத்துக்கு அடியில் துரு ஒளிந்திருந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தார்.

"இத்தனை வருஷத்துல யாரும் இப்படிப் பாத்ததில்ல சார்" என்று நர்சரிக்காரர் மரியாதையோடு சொல்லி, விலையில் கொஞ்சம் இறங்கினார்.

கடைசியாக மைத்துனர் உள்ளே ஏறி, முன்சக்கரங்களையும் சேர்த்து இயக்கும் சின்ன லீவரை இழுத்தார். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. "ஃபோர் வீல் எரியுது மாமா" என்றார். பரிசோதனை அத்துடன் முடிந்தது.

முதல் வாரம் முழுக்க வண்டியைக் கழுவுவதிலேயே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூவரும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு காய்ந்த ஆற்றுக்குக் கிளம்பினார்கள். டிரைவரம்மா பின்சீட்டில் ஃப்ளாஸ்கைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். ஆற்றங்கரையில் பல்செட்காரர் வண்டியை நிறுத்தி, லீவரை இழுத்தார். விளக்கு எரிந்தது. அவர் முகத்திலும்தான்.

மணலில் இறங்கிய வண்டி பத்தடி போனது. பிறகு நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் போட்ட சத்தத்துக்கு வண்டி அடுத்த ஊருக்கே போயிருக்க வேண்டும். ஆனால் அது கீழேதான் போயிற்று. மைத்துனர் இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார், பிறகு வலது பக்கம், பிறகு இன்னும் அழுத்தச் சொன்னார். பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்த நேரத்தில் டிரைவரம்மா கண்விழித்தார். இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்று, மெதுவாக ஒரு தடவை அழுத்தச் சொன்னார். பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"முன்வீல் சுத்தவே இல்லீங்க."

"லைட் எரியுதே."

"எரியட்டும். முன்பக்கம் போற ஷாஃப்ட் எங்க?"

பல்செட்காரர் இறங்கி வந்து மண்டியிட்டார். இன்ஜினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோக அங்கே ஒரு நீளமான இரும்புக் குழாய் இருக்க வேண்டும். அது இல்லை. அதைக் கழற்றிய இடத்தில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி அழகாகக் கயிறு கட்டியிருந்தது. அவருடைய கண்ணாடி அந்த இடத்தை நாலு தடவையாவது கடந்து போயிருக்கும். இருப்பதில் எது கெட்டிருக்கிறது என்று தேடினாரே தவிர, எது இல்லை என்று பார்க்கவில்லை.

டிரைவரம்மா கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு, "யார் வாயத் திறந்தாலும் எந்தப் பல்லு இல்லன்னு தூரத்துல இருந்தே சொல்லுவீங்க" என்றார். அவ்வளவுதான். மைத்துனர் தண்ணீரே இல்லாத ஆற்றை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவரம்மா வேலையில் இறங்கினார். மணலில் பிடிப்புக் கிடைக்க டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினார். சக்கரத்துக்குப் பின்னால் கையாலேயே மணலைத் தள்ளி, வண்டிக்குள் கிடந்த கால்மிதிகளை விரித்து, தட்டைக் கற்களை அடுக்கினார். ஆண்கள் இருவரையும் முன்னால் நின்று தள்ளச் சொல்லிவிட்டு, தானே ஏறி ரிவர்ஸில் எடுத்தார். இரண்டாவது முயற்சியில் ஜீப் முனகிக்கொண்டே கரையேறியது. மைத்துனருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் வீடியோவோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் நர்சரிக்குப் போகும் வழியெல்லாம் பல்செட்காரர் கோபமாகப் பேசிப் பழகினார். நாலு கடுமையான வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஆனால் நர்சரிக்காரர் சிரித்த முகமாக நாற்காலி எடுத்துப் போட்டார். வேகமாகப் போனால் அந்த ஷாஃப்ட் உறுமிக்கொண்டே இருந்ததாம், டவுனுக்குள் ஓட்ட எதற்கு என்று கழற்றிவிட்டாராம்.

"நீங்க கேக்கலையே சார்."

"விளக்கு எரிஞ்சுதே?"

"அது லீவருக்கு எரியற லைட்டு சார். வீலுக்கு இல்ல."

தயாரித்த வாக்கியங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. ஷாஃப்ட் எங்கே என்றுதான் கேட்க முடிந்தது. நர்சரிக்காரர் கையைக் காட்டினார். ரோஜாக் கன்றுகளுக்கு மேல் தாழ்வாகக் கட்டிய நிழல்வலையை நடுவில் தாங்கிக்கொண்டு, மண்ணில் ஓரடி புதைந்து நின்றது அது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தில் ஒரு கம்பு நட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் வலை சரிந்துவிடும் என்றார். பல்செட்காரர் அரை மணி நேரம் குழி தோண்டி மூங்கில் நட்டார். ஏமாந்தவரே வேலையும் செய்து கொடுத்துவிட்டு வந்தார் என்று தெருவில் பிறகு பேசிக்கொண்டார்கள். தோளில் ஷாஃப்டும் கையில் இலவசமாகக் கிடைத்த ஒரு ரோஜாக் கன்றுமாக அவர் வீடு வந்த கோலம் அப்படி.

மெக்கானிக் ஷாஃப்டின் தேய்ந்த மூட்டுப் பகுதியை மாற்றிப் பூட்டினார். அசைவில்லாமல் பொருந்தி உட்கார்ந்ததைப் பல்செட்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். பொருத்தம் என்றால் என்ன என்று தெரிந்த மனிதர், வாய்விட்டுப் பாராட்டினார்.

அடுத்த ஞாயிறு அதே ஆறு. இந்தத் தடவை டிரைவரம்மா முன்சீட்டில். "அழுத்தாதீங்க. வண்டி அது பாட்டுக்குப் போகட்டும், நீங்க கூடப் போனா போதும்." முன்சக்கரம் மணலைக் கவ்வியது. வண்டி நத்தை மாதிரி ஊர்ந்து அக்கரை ஏறியது. பல்செட்காரர் இறங்கிப் போய்ச் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இரண்டு மாதம் கழித்து, மலைமேல் இருந்த ஏரிக்குக் கற்பாதை வழியாகக் கிளம்பினார்கள். பதினொரு கிலோமீட்டர், நாலு மணி நேரம். பெரிய கல் வரும்போதெல்லாம் டிரைவரம்மா இறங்கிக் கையால் வழி காட்டினார். முதுகு ஒடிய உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், ஏரிக்கரையில் பன்னிரண்டு சின்ன கார்களும் ஒரு சுற்றுலாப் பேருந்தும் நின்றன. மறுபக்கம் நல்ல தார்ச்சாலை வந்து எத்தனையோ வருடமாகிறதாம். செருப்புக்கூட அழுக்காகாமல் வந்திருந்த ஒரு வயதான தம்பதி, புழுதி படிந்த இவர்களைப் பார்த்து, "வழி தப்பிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

பல்செட்காரர் முகம் சுருங்கியது. டீயைக் குடித்துவிட்டு, திரும்பும்போது தார்ச்சாலையிலேயே போய்விடலாமா என்று மெல்லிய குரலில் கேட்டார்.

டிரைவரம்மா பேருந்தையும் அதற்குப் பின்னால் வளைந்து இறங்கிய சாலையையும் பார்த்தார். "அந்த மாதிரி ரோட்டுல நான் தினம்தானே போறேன். வந்த வழியே போலாங்க."

இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில், ஏறும்போது பாடாய்ப் படுத்திய பெரிய கல் வந்தது. டிரைவரம்மா இந்தத் தடவை வழி காட்ட இறங்கவில்லை. ஃப்ளாஸ்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தார். பல்செட்காரர் கால் அழுத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு கூடவே கல்லைத் தாண்டி இறங்கினார்.